ஆர்கனின் பெடல் குழாய்களுக்குத் தோல் மாற்ற உதவுங்கள்

சபையார் அனைவருக்கும் அன்பின் வாழ்த்துகள்.

"ஆர்கனில் கனத்த கீழ்ச்சுருதி மட்டும் ஏன் பிந்தி வருகிறது, வாசிப்பவர் தாமதிக்கிறாரா?" என்று பலர் எங்களிடம் கேட்டிருக்கிறீர்கள். அவர் தாமதிப்பதில்லை. அந்தச் சுருதிக்காகக் காலால் மிதிக்கும் கட்டைகளான பெடலைக் கொஞ்சம் முந்தியே மிதித்துத்தான் இத்தனை காலமும் நம் பாட்டோடு சேர்ந்து வருகிறார்.

சுவரோரம் நிற்கும் மரக்குழாய்களில் பெரியது 8 அடி. மேல்முனை மூடியிருப்பதால் 16 அடித் திறந்த குழாயின் சுருதி அதற்கு: நொடிக்கு ஏறக்குறைய 33 அதிர்வு. காற்று புகுந்தவுடன் குழாய் பேசிவிடாது. உள்ளிருக்கும் காற்று முழுவதும் ஆடத் தொடங்கி, அந்த ஆட்டம் மேலும் கீழுமாகப் பலமுறை போய்வந்த பிறகே சுருதி நிலைக்கும். பத்து அதிர்வு தேவையென்று வைத்துக்கொண்டால், இதற்கு நொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆகும். நொடிக்கு 1000 அதிர்வு தரும், ஒரு சாண்கூட இல்லாத குழாய்க்கு நூறில் ஒரு பங்கு போதும்.

இந்தத் தாமதம் குழாயின் இயல்பு. எவ்வளவு செலவழித்தாலும் போகாது. இதற்காக உங்களிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது இதன்மேல் ஏறியிருக்கும் இன்னொரு தாமதத்துக்காக. பெடலை மிதித்ததும் காற்றுக் கதவைத் திறக்கும் சிறு துருத்திகளின் தோல் காய்ந்து வெடித்திருக்கிறது. காற்று கசிவதால் கதவு மெதுவாகத் திறக்கிறது. குழாய்களின் மேல்மூடியைச் சுற்றியுள்ள தோலும் சுருங்கிவிட்டது. மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் குழாய் தடுமாறித்தான் பேசும். சில நேரம் தன் சுருதியை விட்டு மேலே தாவியும்விடும். மூன்று குழாய்களில் மரப்பொருத்து விரிந்திருக்கிறது. இவை எல்லாமே சரிசெய்யக் கூடியவை.

கீபோர்டு வாங்கிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் பாமாலையின் கடைசிச் சரணத்தில் அந்தக் கீழ்ச்சுருதி நாம் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலேயே அதிர்வதை உணர்ந்தவர்கள் அதை விட்டுவிடச் சம்மதிக்க மாட்டார்கள்.

பெடலில் 30 கட்டைகள், அவற்றுக்கு 30 குழாய்கள். ஒரு குடும்பம் ஒரு குழாயின் செலவை ஏற்கலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தும் ஏற்கலாம். சிறு தொகையும் எங்களுக்குப் பெரிய உதவி. செலவு மதிப்பீடு ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கேரல் ஆராதனைக்குள் வேலையை முடிக்க விரும்புகிறோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழுவினர் வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். அங்கே கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். தயவுசெய்து காணிக்கைப் பையில் போட வேண்டாம். பொதுக் கணக்கில் கலந்துவிடும்.

ஆர்கன் பழுதுபார்ப்புக் குழு