முன்பிரேக் பற்றி மகளுக்கு

குன்னூர்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் நின்று பார்க்கும்போது வலப்பக்கப் பிரேக் கட்டை ரிம்மை உரசுகிறது. இடப்பக்கக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே விரலே நுழையும் போலிருக்கிறது. கடைக்காரர் செட்டையே மாற்றச் சொன்னார் என்கிறாய். மாற்றாதே. அந்தப் பழைய பி.எஸ்.ஏ. சைக்கிளின் காலிப்பரில், அதாவது கட்டைகளைத் தாங்கி ரிம்மை இறுக்கும் இடுக்கியில், கை வளையவில்லை, ஸ்பிரிங் உடையவில்லை. எதற்காகத் தூக்கிப்போட வேண்டும்?

போனில் சொன்னால் பாதி காதில் ஏறாது. இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

முதலில் பிரேக்கைத் தொடாதே, சக்கரத்தைப் பார். சைக்கிள் தரையில் நிற்கும்போதே ஆக்சில் நட்டு இரண்டையும் தளர்த்தி, ஹாண்டில்பாரை அழுத்து. ஆக்சில் ஃபோர்க்கின் வாயில் முழுதாக உட்காரும், பிறகு முறுக்கு. பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துவிடும். அடுத்து முன்பக்கத்தைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிடு. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் அது பிரேக்கின் குற்றம் இல்லை. சக்கரத்தில் கோட்டம் இருக்கிறது. கோட்டம் எடுக்கக் கடைக்கே கொடு, அது உன்னால் ஆகாது. ஹாண்டில்பாரை இரு பக்கமும் திருப்பியும் பார். திருப்பும்போது கட்டைகள் இடம் மாறினால், கேபிளின் மேலுறை நீளம் போதாமல் காலிப்பரை இழுக்கிறது என்று பொருள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் காலிப்பர். எல்லாரும் ஃபோர்க்குக்குப் பின்னால் உள்ள நட்டை மட்டும் தளர்த்தி, கட்டைகளைக் கையால் நடுவில் வைத்து, மறுபடி முறுக்குவார்கள். முறுக்கும்போது நட்டோடு சேர்ந்து, காலிப்பரை ஃபோர்க்கில் பொருத்தும் நடுப் போல்ட்டும் திரும்பும், காலிப்பரும் கூடவே திரும்பிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அப்புறம் பிரேக்கைத் திட்டுவார்கள். இரண்டு ஸ்பானர் வேண்டும், ஒன்று பின் நட்டில், ஒன்று முன்னால். முன்னால் அதே போல்ட்டில் ஒன்றையொட்டி ஒன்றாக இரண்டு நட்டுகள் இருக்கின்றன, பார். உன் சைக்கிளில் வலப்பக்கக் கட்டை வெளியே போக வேண்டும். அதற்குக் காலிப்பர் முழுவதும், முன்னால் நின்று பார்க்கும் உனக்கு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். ஆகவே காலிப்பரை ஒட்டிய உள் நட்டைப் பிடி. எதிர்த்திசையில் திருப்பும்போது அது வெளி நட்டோடு இறுகுமே தவிரக் கழலாது. வெளி நட்டைப் பிடித்தால் அது கழன்று கையோடு வந்துவிடும். இடப்பக்கக் கட்டை உரசினால் இதற்கு நேர்மாறு: வெளி நட்டு, கடிகாரத் திசை. பின் ஸ்பானரையும் கூடவே அதே பக்கம் நகர்த்து. மயிரிழை நகர்ந்தால் போதும். பிரேக்கை நாலைந்து முறை பிடித்து விட்டுப் பார்.

அப்போதும் வலப்பக்கமே சாய்ந்தால், ஸ்பிரிங்கின் இடப்பக்க மேல்வளைவில் ஒரு மழுங்கிய கம்பியை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டு. உரசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் என்பதை மறக்காதே. முரட்டு வைத்தியம்தான், ஆனால் பலிக்கும்.

கைகள் தாமாக விரியாமல் மந்தமாக இருந்தால், ஸ்பிரிங் நுனிகள் கைகளைத் தொடும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடு. கட்டையிலோ ரிம்மிலோ ஒரு துளிகூடப் படக்கூடாது.

கட்டைகள் டயரைத் தொடக்கூடாது, ரிம்முக்குக் கீழே தொங்கவும் கூடாது. முன்நுனி ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொட்டால் கீச்சொலி அடங்கும். கட்டை உட்காரும் தகட்டின் ஒரு முனை திறந்திருந்தால் அது பின்பக்கம் பார்க்க வேண்டும். மாறியிருந்தால், பிரேக் பிடிக்கும்போது சுழலும் ரிம் ரப்பரை முன்னால் உருவி எறிந்துவிடும். இதை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடு.

உனக்கு இது நச்சரிப்பாகத் தெரியலாம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நம் மலை ரயில் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நிற்பது அதனால்தான். ஓய்வுபெறும்வரை அந்த வேலையைப் பார்த்தவனின் மகள், ஒரு பக்கம் உரசும் பிரேக்கோடு கொடைக்கானலில் அப்சர்வேட்டரி மேட்டிலிருந்து ஏரிக்கு இறங்குவதா?

ஐப்பசி மழை வேறு வருகிறது. உன் ரிம் குரோமியம் பூசிய இரும்பு. நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள். வளைவு வந்த பிறகு பிடிக்கலாம் என்று இருக்காதே.

அம்மா வர்க்கி வாங்கி வைத்திருக்கிறாள். பார்சலில் அதோடு புதுக் கட்டைகள் நான்கும் 10 மி.மீ. ஸ்பானர் இரண்டும் வரும். பின்பிரேக்கையும் படம் எடுத்து அனுப்பு. கேபிளின் நீளத்தை நூல் வைத்து அளந்து எழுதினால் அதையும் இங்கேயே வெட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா