பதின்வயது வாசகர்களுக்கான எங்கள் பரிந்துரைகள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

நம் கடையைப் பற்றிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தியை உங்களில் பலர் எனக்கே அனுப்பிவைத்து, "பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன், வேண்டிய அளவுக்கு மேலேயே. அதில் மூன்று குற்றச்சாட்டுகள். பிள்ளைகளுக்குக் கொலைக்கதை கொடுத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறோமாம். சரித்திர நாவல் என்ற பெயரில் பொய் வரலாற்றைப் புகட்டுகிறோமாம். விற்காமல் கிடக்கும் தடித்த புத்தகங்களைப் பிள்ளைகளின் தலையில் கட்டுகிறோமாம்.

முதல் இரண்டும் பேசித் தீர்க்கக்கூடியவை. மூன்றாவதை அப்படி விட மனம் வரவில்லை. அந்தச் செய்தியில் உதாரணமாகச் சொல்லப்பட்டிருப்பது 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம் என்பதால் ஐந்து மடங்கு லாபம் என்று கணக்கு வேறு போட்டிருக்கிறார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால் பதிப்பகங்கள் போட்டி போட்டு விலையைக் குறைக்கின்றன. எங்களுக்கு நிற்பது சொற்பம். இணையத்தில் காசு கொடுக்காமலே முழுக் கதையையும் படிக்கலாம் என்பதையும் கல்லாவில் நின்றுகொண்டு நாங்களேதான் சொல்கிறோம். சரக்கைத் தள்ளிவிட நினைக்கும் வியாபாரி, இலவசமாகக் கிடைப்பதைத் தேடிப் பிடித்தா பரிந்துரைப்பான்?

இன்னும் ஒன்று. எங்களிடம் உள்ள நாவல்களில் பெரும்பாலானவை, விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் வருபவை. விற்காதவை பதிப்பகத்துக்கே திரும்பிப் போகும். தலையில் கட்டவேண்டிய தேவையே இல்லை. ஐந்து பாகத்தையும் சேர்த்துக் கேட்பவர்களிடம்கூட, "முதலில் 'புது வெள்ளம்' முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று முதல் பாகத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். அப்படி வாங்கிச் சென்றவர்கள் நீங்களே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். பாதியில் வைத்துவிட்ட தடித்த புத்தகம் ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்கில் வாசிப்பிலிருந்து விரட்டிவிடும். எங்களுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் எது?

நீளத்துக்கும் காரணம் உண்டு. 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதை அது. வாசகர் அடுத்த வாரமும் இதழை வாங்கவேண்டும் என்பதால் அத்தியாயம் முடியும் இடத்தில் ஒரு கொக்கி போட்டு வைத்திருக்கும். செல்பேசியைக் கீழே வைக்காத பிள்ளைகளை இன்றைக்கும் பிடித்து இழுப்பது அந்தக் கொக்கிதான்.

தூக்கம் கெட்ட விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் வாங்கிய கதையால் தூக்கம் கெட்டதாகச் செய்தியில் சொல்லப்படும் சிறுமிக்குக் கொடுத்தது, துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் வரும் வேட்டைநாய்க் கதை. அவள் பயந்துபோனதற்கு மனமார வருந்துகிறேன். ஆனால் பாதியில் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள் என்று அறிகிறேன். அங்கேதான் சங்கடம். பேய், சாபம் என்று மிரட்டுவதற்கெல்லாம் கடைசியில் அறிவுக்குப் பொருந்தும் விளக்கம் கிடைத்துவிடும் கதை அது. நடுவில் நிறுத்தினால் பயம் மட்டும்தான் கையில் மிஞ்சும். தயவுசெய்து மீதியையும் படிக்கவிடுங்கள். வேண்டுமானால் கூட உட்கார்ந்து படியுங்கள்.

கொலை வந்தாலே பிள்ளைகளுக்கு ஆகாது என்றால் 'புதையல் தீவு' என்ன ஆவது? ஸ்டீவன்சன் தம் மனைவியின் மகனான சிறுவனோடு வரைபடம் வரைந்து விளையாடியதிலிருந்து பிறந்த கதை. 1881இல் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராகத் தொடங்கி, 1883இல் நூலானது. அதில் விழும் பிணங்களை எண்ணிப் பாருங்கள். நாங்கள் பார்ப்பது பிணம் விழுகிறதா என்பதை அல்ல. எழுத்து எங்கே தங்கி நிற்கிறது என்பதை. யார் செய்தது, ஏன் செய்தார் என்று மூளையை ஓடவைக்கும் கதை வேறு. வலியை வருணித்து ரசிக்கும் கதை வேறு. இரண்டாவது வகையைப் பதின்வயதினருக்கு நாங்கள் எடுத்துக் கொடுப்பதில்லை. ஒரு தீவில் பத்துப் பேர் சிக்கிக்கொள்ளும் அகதா கிறிஸ்டியின் 1939ஆம் ஆண்டு நாவலையே, துப்பறியும் கதைகளில் ஓரளவு பழகிய பிறகுதான் கொடுக்கிறோம். பழைய சரித்திர நாவல்கள் சிலவற்றில் சிருங்கார வருணனை பக்கம் பக்கமாக ஓடும். அவை மேல்தட்டில் இருப்பதும் சும்மா இல்லை.

பொய் வரலாறு என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு மாணவனே பதில். 'பொன்னியின் செல்வ'னை முடித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் 'இருந்தவர்கள்', 'கற்பனை' என்று இரண்டு பத்தி பிரித்து எழுதிக்கொண்டு கடைக்கு வந்தான். நந்தினியும் பூங்குழலியும் கற்பனைப் பத்தியில், அது சரி. கதாநாயகன் வந்தியத்தேவனையும் அங்கேயே தள்ளியிருந்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சோழ இளவரசி குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிப்பிடுகிறது என்று சொன்னதும், கல்லாவிலேயே அழிப்பான் கேட்டு வாங்கி அழித்து மாற்றி எழுதினான். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் வரிசையில் ரவிதாசன் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது என்றபோது, "அப்படியென்றால் ஏன் கொன்றார்கள்?" என்று கேட்டான். அதற்கு இன்றுவரை ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். மர்மமும் சரித்திரமும் ஒரே இடத்தில் சந்திப்பது இப்படித்தான். நாவலைப் பாடநூலாக எண்ணிப் படிக்காமல், இப்படிக் கேள்வி கேட்கப் படித்தால் அதில் என்ன பொய் வந்துவிடப் போகிறது?

இவ்வளவும் கிளம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகளோடு பேசிப் பேசிப் புத்தகம் எடுத்துக் கொடுத்துவந்த எங்கள் உதவியாளர், மேல்படிப்புக்காக விலகிவிட்டார். "கடைசியாக முழுதும் படித்த புத்தகம் எது, எதைப் பாதியில் வைத்தாய்?" என்று இரண்டே கேள்வியில் ஆளை எடைபோட்டுவிடுவார். வயதைக் கேட்கவே மாட்டார். அவர் இடத்தில் இப்போது நான்தான் நிற்கிறேன். அதனால் தொலைபேசியில் பரிந்துரை கேட்பதைக் கொஞ்ச நாள் தவிர்த்து, பிள்ளையை நேரில் அழைத்து வாருங்கள். முதல் அத்தியாயத்தைக் கடையிலேயே உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும். அப்படிப் பார்த்து வாங்குவதால், படித்த புத்தகத்தை மாற்றித் தரும் வழக்கம் அடுத்த மாதம் முதல் இருக்காது.

அந்தச் செய்திக்குக் கீழே எங்களுக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதியவர்களுக்கும், ஒன்றும் எழுதாமல் வழக்கம்போல் கடைக்கு வந்து நின்றவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. செய்தியை எழுதியவரும் வரலாம், வாதம் செய்யமாட்டேன். மாலையில் வாருங்கள். காலையில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன், முகம் கொஞ்சம் கடுகடுவென்று இருக்கும்.

அன்புடன்,
கடை உரிமையாளர்