இடிக்கும் முன் பதிவேடுகளை எடுத்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்த பின்னர், மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களை அகற்றும் பணி தொடங்கியது. அதில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் கொண்டு எழுப்பி ஓடு வேய்ந்த எங்கள் இராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிச் சுவர்கள் உப்புக்காற்றில் பொரிந்து உதிர்வதை முப்பது ஆண்டுகள் உடனிருந்து பார்த்தவன் நான். அவற்றின் கீழ் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. ஆனால், அக்கட்டடங்களின் அலமாரிகளில் கிடக்கும் பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் இடிபாடுகளோடு போய்விடுகின்றன. அண்மையில் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் அப்படித்தான் நடந்தது.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி மாவட்ட நிர்வாக அமைப்பான ஜில்லா போர்டு பள்ளிகளை நடத்திய காலத்தில் தொடங்கப்பட்டது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஒன்றியங்கள் அமைந்த பிறகு, 'யூனியன் பள்ளிக்கூடம்' என்று ஊரார் அதை அழைக்கலாயினர். அதன் முதல் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் வலைத்தொழில், சங்கு குளித்தல், பனையேற்றம், தோணி வேலை என்று மை மங்கிய எழுத்தில் எழுதியிருக்கும். எங்கள் ஊர் எதனால் பிழைத்தது என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்லும் ஆவணம் வேறொன்றை நான் கண்டதில்லை. பெண் பிள்ளைகளின் பெயர்கள் முதலில் பக்கத்துக்கு ஒன்றிரண்டாகவே இருக்கும். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்த பின்னர்தான் அவை அடுத்தடுத்து வரத் தொடங்குகின்றன.

எல்லாவற்றினும் என் மனத்தை விட்டு அகலாதவை 1965ஆம் ஆண்டுப் பக்கங்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. பிழைத்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட அன்றைய ஆசிரியர், முன்பு படித்த பள்ளி என்ற இடத்தில் தனுஷ்கோடி என்றும், மாற்றுச் சான்றிதழ் எண்ணுக்குரிய இடத்தில் 'புயலில் பள்ளி இல்லை' என்றும் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கையொப்பமிட்டிருக்கிறார். சான்றிதழ் இல்லை என்று ஒரு பிள்ளையையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. 1983க்குப் பிந்தைய பதிவேட்டைப் புரட்டினால், முன்பு படித்த பள்ளி என்ற அதே இடத்தில், இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த பிள்ளைகளுக்கு மன்னார், தலைமன்னார் என்ற பெயர்கள் வருகின்றன.

இவை பழங்கதைக்காக மட்டும் வேண்டப்படுபவை அல்ல. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொட்டால் ஐந்து வயது என்று கொண்டு, தலைமையாசிரியரே பிறந்த தேதி எழுதிய காலம் அது. பிறப்புப் பதிவு இல்லாத முதியவர்கள் பலருக்கு இன்றும் வயதுக்குச் சான்று இந்த வரி ஒன்றுதான். பாஸ்போர்ட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் அதைத் தேடிப் பள்ளிக்கு வந்து, பதிவேடு இல்லை என்ற விடையோடு திரும்பியவர்களை நான் அறிவேன்.

ஆகவே, கட்டடத்தை இடிக்க ஆணையிடும்போதே, அங்குள்ள பதிவேடுகளைப் பட்டியலிட்டு வட்டாரக் கல்வி அலுவலர் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் அந்த ஆணையில் சேர்க்குமாறு கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, ஒரு படியைப் பள்ளியிலும் மற்றொன்றை இராமநாதபுரத்தில் மாவட்ட அளவிலும் வைக்கலாம். சாதி முதலிய விவரங்கள் அவற்றில் இருப்பதால் எல்லோருக்கும் திறந்துவிடத் தேவையில்லை. உரியவரும் ஆய்வாளரும் எழுத்து மூலம் கேட்டுப் பார்க்க வழி இருந்தால் போதும். இவ்வாண்டு கோடை விடுமுறையில் இடிக்கப்படவுள்ள பள்ளிகளிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
மண்டபம் ஒன்றியம், இராமநாதபுரம் மாவட்டம்.