சனிக்கிழமை நிக்கோ போகிறோம்

வணக்கம் நண்பர்களே. காலை ஆறரைக்கு டோக்கியோவின் அசகுசா தொபு ரயில் நிலையத்தில் கூடுவோம். டோக்கியோவுக்கு வடக்கே உள்ள மலையூர் நிக்கோ, விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

இறங்கியதும் நேராகப் பேருந்தில் சூசென்ஜி ஏரிக்குப் போய்விடுவோம். நவம்பரில் இலை சிவக்கும் நேரம். தாமதித்தால் இரோகாசாகா மலைப்பாதை வளைவுகளில் வண்டி நகராது. 97 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் கெகோன் அருவியும் அங்கேதான். ஏரி 1,269 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளிரும். ஸ்வெட்டர் கட்டாயம்.

அப்புறம் தோஷோகு கோயில், ஜப்பானை ஆண்ட ஷோகன் இயெயாசுவுக்குக் கட்டியது. இந்த மாதம் நான்கு மணிக்கே மூடிவிடுவார்கள், அதனால் இரண்டுக்குள் உள்ளே போயாக வேண்டும். மூன்று குரங்குச் சிற்பத்தோடு திரும்பிவிடாதீர்கள். தூங்கும் பூனைச் சிற்பத்துக்குக் கீழே நுழைந்து 207 படி ஏறினால்தான் இயெயாசுவின் சமாதி. முட்டிவலி உள்ளவர்கள் கீழேயே இருக்கலாம்.

சைவக்காரர்கள் கவனிக்க: ஊரின் பேர்பெற்ற யூபா சோயாப்பால் ஆடைதான், ஆனால் அதைச் சமைக்கும் சாற்றில் பெரும்பாலும் மீன் சேரும். கட்டுச்சோறு நல்லது.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் கொடுங்கள், டிக்கெட் எடுக்க வேண்டும்.