மானியம் கூடினால் ஆலை வந்துவிடுமா?

ஆசிரியருக்கு,

பின்தங்கிய மாவட்டத்தில் ஆலை வைத்தால் கூடுதல் மானியம் என்ற நம் தொழில் கொள்கையை நம்புவோர், ஸ்லோவாக்கியாவின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பொதுவுடைமை ஆட்சி முடிந்ததும் அங்கே அந்நிய கார் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. 1991இல் பிராத்திஸ்லாவாவில் ஃபோக்ஸ்வேகன். 2006இல் திர்னாவாவில் பியூஷோ, ஜிலினாவில் கியா. 2018இல் நித்ராவில் ஜாகுவார் லேண்ட் ரோவர். நான்கும் மேற்கிலும் வடமேற்கிலும்தான். தலைநகர் வட்டாரத்தின் தலா உற்பத்தி மதிப்பு ஐரோப்பிய ஒன்றியச் சராசரியைத் தாண்டியது. கோஷித்சே, பிரெஷோவ் அடங்கிய கிழக்கு, அந்தச் சராசரியில் ஏறத்தாழப் பாதியிலேயே நின்றுவிட்டது.

கிழக்குக்கும் சலுகை இருந்தது. 2014-2020இல் பெரிய நிறுவனங்களுக்கான அரசு உதவி வரம்பு மேற்கில் முதலீட்டில் 25 சதவீதம், கிழக்கில் 35. ஆனால் முதல் 5 கோடி யூரோ முதலீட்டுக்குத்தான் முழு வீதம். அடுத்த 5 கோடிக்கு அதில் பாதி. அதற்கு மேல் அந்த முழு வீதத்தில் 34 சதவீதம் மட்டுமே. நித்ரா ஆலையின் 140 கோடி யூரோ முதலீட்டுக்கு இப்படிக் கணக்கிட்டால் மேற்கில் உச்சவரம்பு சுமார் 13 கோடி (கொடுத்தது 12.5 கோடி), கிழக்கில் சுமார் 18 கோடி. வித்தியாசம் 5 கோடி, மொத்த முதலீட்டில் 4 சதவீதம்கூட இல்லை.

இதற்கு எதிரே நிற்பது சாலை. இருக்கையும் டாஷ்போர்டும் அசெம்பிளி லைனில் கார்கள் வரும் அதே வரிசையில், சில மணி நேரம் முன்னதாக லாரியில் வந்திறங்க வேண்டும். கிடங்கில் அடுக்கி வைப்பதில்லை. லாரி தாமதித்தால் லைன் நிற்கும். கோஷித்சேவுக்குப் போகும் டி1 நெடுஞ்சாலையோ ஜிலினாவுக்குக் கிழக்கே மலைப்பகுதியில் பல ஆண்டுகள் துண்டுபட்டுக் கிடந்தது. ஒருமுறை கிடைக்கும் 5 கோடிக்காக இந்த ஆபத்தை ஆண்டுதோறும் யார் சுமப்பார்கள்?

2022இல் வோல்வோ கோஷித்சே அருகே வலாலிகியைத் தேர்ந்தெடுத்தது. உதவி வரம்பு இதற்குள் உயர்ந்திருந்தது; 120 கோடி முதலீட்டுக்கு அரசு உதவி 26.7 கோடி. 3,300 வேலைகள் என்றால் வேலை ஒன்றுக்குச் சுமார் 80,000 யூரோ! நித்ராவில் இது ஏறத்தாழப் பாதிதான். சாலையைத் தள்ளிப்போட்ட அரசு அந்தச் செலவை மானியமாகக் கட்டுகிறது.

நித்ரா ஆலையின் உரிமையாளரான டாடா குழுமம் இங்கே தன் கார் ஆலைக்கு ராணிப்பேட்டை மாவட்டத்தின் பனப்பாக்கத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் உதிரிபாக ஆலைகளின் அருகாமைக்குப் பங்குண்டு என்றே கருதுகிறேன். தென் மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் ஒதுக்கும் கூடுதல் மானியத்தில் ஒரு பகுதியை நான்குவழிச் சாலை, உதிரிபாகப் பூங்கா, ஐடிஐ பட்டறைகளுக்குத் திருப்ப வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தச் செய்திகளில், வேலை ஒன்றுக்கு அரசு தருவது எவ்வளவு, உதிரிபாகம் எங்கிருந்து வரும் என்பதையும் கேட்டு நீங்கள் வெளியிட வேண்டும்.