பையில் காணம் இருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மழை ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. உளுந்து விதைக்கலாமா, இன்னும் ஒரு மழை பார்க்கலாமா என்று மாமா வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தை அக்கா காட்டினாள். வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு கரண்டி குதிரைவாலிச் சோறு, ஓரத்தில் முளைகட்டிய பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஏழெட்டு, கொஞ்சம் கேரட் துருவல், மேலே ஒரு மல்லித்தழை. கீழே 340 ரூபாய் என்று எழுதியிருந்தாய். அக்கா சிரித்த சிரிப்பில் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஆறாம் வகுப்பில் கம்மஞ்சோற்றை டிபன் டப்பாவில் வைத்துவிட்டேன் என்று மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவன்தானே நீ.

அப்புறம்தான் அக்கா இன்னொன்றைச் சொன்னாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறாயாம். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்ததில் கையைக் கடிக்கிறது, ஒரு வேளையைக் குறைத்தால் மாதம் இவ்வளவு மிஞ்சும் என்று அவளிடம் கணக்குச் சொன்னாயாம். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் நீ மிச்சம் பிடிக்கிற 40 ரூபாய், மூன்று மணிக்குப் பசியில் கண் இருட்டும்போது 340 ரூபாயாகக் கையை விட்டுப் போகிறது. இதில் எங்கே மிச்சம்?

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பஸ் பார்சலில் ஒரு பை வருகிறது. இந்தக் கடிதத்தை அதில் மேலாக வைத்திருப்பேன்.

பையில் முதலில் கைக்கு வருவது காணம், கடையில் கொள்ளு என்பார்களே அது. இரண்டு கிலோ. கல் அரித்துத்தான் வைத்திருக்கிறேன், இருந்தாலும் ஒருமுறை அரித்துக்கொள். அங்கே கன்னடத்தில் இதை ஹுருளி என்பார்கள் என்று நீதான் சொன்னாய். அன்றைக்கு உன் வீட்டுக்கார அம்மா கீரையையும் பயறையும் ஒன்றாக அவித்து, வடித்த தண்ணீரில் மசாலா அரைத்துவிட்டு ஒரு சாறு வைத்து, அவித்ததைத் தாளித்து வெஞ்சனமாகக் கொடுத்தார்கள் என்றாயே, பஸ்ஸாரு என்று பேர்கூடச் சொன்னாய். எனக்கு அவர்களை நேரில் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஒரே அடுப்பு, ஒரே கொதி, சோற்றுக்குக் குழம்பும் ஆச்சு, தொட்டுக்கொள்ளவும் ஆச்சு. நம் வீட்டில் காணத்தை அப்படித்தான் செய்வோம். உன் தாத்தா காலத்தில் அவித்த காணம் மாட்டுக்கு, அவித்த தண்ணீர் மனுசருக்கு. அந்தத் தண்ணீரில் புளி, மிளகு, பூண்டு தட்டிப்போட்டு ரசம் வைத்தால் உழவு மாடு மாதிரி நிற்கலாம் என்று சொல்வார். இப்போது வீட்டில் மாடு இல்லை, அதனால் பயறும் நமக்கே. தாளித்து, தேங்காய் துருவிப் போட்டுச் சுண்டலாகத் தின்னு. துவையல் வேண்டுமென்றால் அவிக்க வேண்டாம். வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, வற்றல் மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி வைத்துக் கரகரவென்று அரை. தேங்காய் வைக்காவிட்டால் நாலு நாள் தாங்கும்.

ஆறு விசில் விட்டும் பருப்பு வேகவில்லை என்று போன வாரம் புலம்பினாய். குக்கரைத் திட்டாதே. குழாயில் வருவது போர் தண்ணீராக இருக்கும். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது கரிசல் காட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். குடிதண்ணீர்க் குழாயில் நாள் தவறி வருகிற தண்ணீரைக் குடிக்க ஒரு குடம், பருப்புக்கு ஒரு செம்பு என்று நான் பிரித்து வைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். கேன் தண்ணீரில் வேகவைத்துப் பார். ஒரு டம்ளர் பருப்புக்கு மூன்று டம்ளர் தண்ணீர், அதற்காகக் கேன் ஒன்றும் காலியாகிவிடாது. அப்படியும் வேகவில்லையென்றால் கடையில் பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பயறு வருடக்கணக்காகக் கிடந்தால் தோல் இறுகிவிடும். அதை ஒன்றும் செய்ய முடியாது. முளைகட்டவும் வராது.

இன்னொரு காரணமும் உண்டு. அது நானே பட்டது. 1998-ல் சத்துணவில் சமையல் உதவியாளராகச் சேர்ந்த புதிது. பள்ளிக்கூடத்தில் 140 பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 15 கிராம் பருப்பு என்று கணக்கு. அன்றைக்குக் கொண்டைக்கடலைக் குழம்பு. கடலை முக்கால் வேக்காடு வெந்திருந்தது. மணி பதினொன்றரை. விறகு ஈரம், புகைகிறது. சேர்ந்து வெந்துவிடும் என்று நினைத்துப் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் எரித்தேன், கடலை இம்மி அசையவில்லை. அமைப்பாளர் அக்கா திட்டவில்லை. ஒரு கடலையை எடுத்துச் சிமென்ட் தரையில் போட்டார். அது துள்ளிக்கொண்டு போய் வாசல்படியில் நின்றது. அன்று பிள்ளைகள் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கடலையால் ஒருத்தரை ஒருத்தர் எறிந்து விளையாடினார்கள். புளிப்பு பட்டால் பயறு அதற்குமேல் மெத்தென்று ஆகாது. புளியோ தக்காளியோ, விரலால் நசுக்கினால் மசிகிற பதம் வந்த பிறகுதான். இதை மட்டும் மறக்காதே.

அதே அக்காதான் எனக்குப் பரங்கிக்காய் வித்தையும் சொல்லிக்கொடுத்தார். 140 பேருக்கு 2 கிலோ 100 கிராம் பருப்பு. சாம்பார் தண்ணீராக நின்றால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஒரு கீற்றுப் பரங்கிக்காயைப் பருப்போடு போட்டு வேகவிட்டு மத்தால் கடைந்துவிட்டால் அது பருப்போடு பருப்பாகக் கரைந்துவிடும். குழம்பு கெட்டியாகவும் இருக்கும், லேசாக ஒரு இனிப்பும் தட்டும். உனக்குப் பரங்கிக்காய் பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பன்னிரண்டு வயதுவரை வாரம் மூன்று நாள் தின்றிருக்கிறாய்.

எட்டயபுரத்தில் 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது உன் தாத்தாவுக்குப் பதிமூன்று வயது. சோறு போடுகிறார்கள் என்றுதான் பள்ளிக்கூடம் போனேன், படிப்பு தானாக ஒட்டிக்கொண்டது என்பார். வயிறு காய்ந்தால் தலையில் ஒன்றும் ஏறாது. கம்ப்யூட்டர் வேலைக்கும் அதுதான்.

சரி, காலைக்கு வருகிறேன். எட்டு மணிக்குக் கிளம்புகிறவனுக்கு இட்லி, தோசை எல்லாம் ஆகாது. அங்கே குளிருக்கு மாவும் லேசில் பொங்காது. பையில் கம்பு வைத்திருக்கிறேன். மாவாகத் திரிக்கவில்லை, குருணையாக உடைத்திருக்கிறேன். கம்பில் எண்ணெய்ச்சத்து அதிகம், மாவாக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் காறல் வாடை அடித்துக் கசக்கும். கடையில் அழகான பாக்கெட்டில் மாவு இருக்கிறது என்று வாங்காதே. ராத்திரி ஒரு டம்ளர் குருணையைக் களைந்து, அரை மணி ஊறவிட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வை. ஆறினதும் கையை நனைத்துக்கொண்டு உருண்டை பிடித்து, தண்ணீரில் போட்டு மூடிவிடு. காலையில் ஒரு உருண்டையைக் கரைத்து, மோர், உப்பு, நறுக்கின சின்ன வெங்காயம். ஐந்து நிமிடம். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் சீனியவரைக்காய் வற்றலும் வைத்திருக்கிறேன். மிச்ச உருண்டையை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் முடித்துவிடு. மூன்றாம் நாளுக்கு வைக்காதே.

கம்பு சலித்தால் பழைய சோறு. அதற்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும்: சோற்றை ராத்திரி முழுக்கச் சும்மா திறந்து வைத்துவிட்டுக் காலையில் தண்ணீர் ஊற்றாதே. ஆறின உடனே ஊற்று.

மத்தியானத்துக்கு டப்பா கட்டுகிற நாளில் உளுந்தஞ்சோறு செய். தோல் உளுந்து ஒரு கிலோ இருக்கிறது, மாமா காட்டில் போன வருடம் விளைந்தது. ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் உளுந்து. உளுந்தை வறுத்துக் கழுவி, அரிசி, எட்டுப்பத்துப் பூண்டு, கொஞ்சம் வெந்தயம், ஒரு கை தேங்காய்த் துருவல், உப்பு, நாலரை டம்ளர் தண்ணீர். எல்லாம் ஒரே குக்கரில். எள்ளுத் துவையல் சின்ன டப்பாவில் இருக்கிறது. இதற்கு மேல் காய்கூட வேண்டாம். அரிசியில் இல்லாத சத்து உளுந்தில் இருக்கிறது, உளுந்தில் குறைவது அரிசியில் இருக்கிறது என்று சத்துணவுப் பயிற்சியில் ஒரு டீச்சர் சொன்னார். பாட்டிக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். அவரும் யோசித்தார்.

துவரம் பருப்பைத் தினமும் போடாதே. நமக்கு இங்கே ரேஷனில் கிலோ 30 ரூபாய், அரிசி இலவசம், அதனால் கை தாராளமாகப் போகும். நீ கடை விலையில் வாங்குகிறாய். வாரத்தில் இரண்டு நாள் சாம்பார் போதும். மற்ற நாளில் பாசிப்பயறு, தட்டாம்பயறு, காணம் என்று மாற்று. முதல் நாள் ராத்திரி ஊறப்போட மறந்துவிடுவாய், எனக்குத் தெரியும். பல் தேய்க்கும்போது ஊறப்போடு, அதோடு சேர்த்துப் பழகிவிடும். ஊறினால் இரண்டு மடங்குக்கு மேல் உப்பும், சின்னக் கிண்ணத்தில் போடாதே. உன்னோடு இருக்கிற வடக்கத்திப் பையன் ராஜ்மா செய்கிறானே, அதில் மட்டும் கவனமாக இரு. ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதித்து முழுசாக வேக வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தி எடுக்கும்.

காய்க்கு நீ அங்கே இருக்கிற ஹாப்காம்ஸ் கூட்டுறவுக் காய்கறிக் கடைக்குப் போவதாகச் சொன்னாய், நல்லது. முள்ளங்கியை இலையோடு வாங்கு. இலை பொரியலுக்கு, கிழங்கு சாம்பாருக்கு. பீர்க்கங்காய்த் தோலை வதக்கி அரைத்தால் துவையல். மல்லித்தண்டைக் குப்பையில் போடாமல் ரசத்தில் போடு. மார்கழி, தை மாதம் அங்கே அவரெக்காய் குவியுமாம். நம் மொச்சைதான் அது. அப்போது வாங்கி உரித்துத் தின்னு, கத்தரிக்காயோடு புளிக்குழம்பு வை. ஃபிரிட்ஜ் இருக்கிறதே என்று ஒரு வாரத்துக்கு வாங்கி அடுக்காதே. நம் வீட்டு ஃபிரிட்ஜில் போன மாதம் என்னென்ன அழுகிக் கிடந்தது என்று அக்காவிடம் கேட்காதே.

ஒன்று சொல்ல வேண்டும். நீயும் அக்காவும் ராசாக் குழம்பு, ராசாக் குழம்பு என்று கேட்பீர்களே. அதற்கு அந்தப் பேரை வைத்ததே நான்தான். அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் சம்பளம் தள்ளிப்போகிற வாரத்தில் வைக்கிற குழம்பு அது. புளித்தண்ணீர், வெங்காயம், மிளகாய்ப்பொடி, தாளிக்கக் கொஞ்சம் வெந்தயம், கெட்டிப்பட ஒரு கரண்டி அரிசிமாவு. பருப்பும் இல்லை, காயும் இல்லை. பேர் நன்றாக இருந்தால் நீங்கள் கேள்வி கேட்க மாட்டீர்கள் என்று வைத்தேன். நீங்கள் தட்டை வழித்து நக்கினீர்கள். எனக்குச் சந்தோஷமும் வந்தது, இன்னொன்றும் வந்தது. போன வாரம் அதற்குச் செய்முறை கேட்டாய். ஊருக்கு வரும்போது வைத்துத் தருகிறேன். அங்கே நீயாகச் செய்யாதே. அது இல்லாத வீட்டுக் குழம்பு. உன் பையில் காணம் இருக்கிறது, உளுந்து இருக்கிறது.

அட்வான்ஸ் பணத்துக்கு அப்பா ஏதோ ஏற்பாடு செய்கிறார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லிவிட்டேன். இந்த மாதம் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

பஸ் ஆறரைக்கு. பையின் வாயைத் தைக்க வேண்டும், கோணி ஊசியைக் காணவில்லை. காணத்தில் வண்டு தெரிந்தால் மொட்டைமாடி வெயிலில் ஒரு நாள் காயப்போடு, தூக்கி எறிந்துவிடாதே. எள்ளுத் துவையல் டப்பா அக்காவுடையது. வரும்போது மூடியோடு கொண்டு வா.

அன்புடன்,
அம்மா