கல்கிசையில் இருக்கும் மகனுக்கு

வெள்ளவத்தை,
15.03.2023

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். தொலைபேசியை எடுக்காத பிள்ளைக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. காலி வீதியில் பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்துக்கு முத்திரை ஒட்டுகிறேன் என்று உன் அக்கா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மின்சாரப் பட்டியல் வந்தது. போன ஓகஸ்டில் 75 வீதம் கூட்டினார்கள். போதாதென்று பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். இந்தச் சின்ன வீட்டுக்கே இப்படியென்றால், அட்டை வெட்டும் இயந்திரங்கள் ஓடும் உன் பட்டறைக்கு என்ன வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன், பாதியில் விட்டுவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

கோயிலில் மருமகளைக் கண்டேன். கழுத்தில் மஞ்சள் கயிறு. பேசும்போது சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். தாலிக்கொடியை மெருகுக்குக் கொடுத்திருக்கிறாளாம். நல்லது. இடைக்கிடை மெருகு போடத்தான் வேண்டும்.

கஷ்ட காலத்தில் தொழில் செய்பவனுக்குத் துணிச்சல் வேண்டும் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். துணிச்சல்காரர்கள் எத்தனையோ பேர் புறக்கோட்டையில் கடையைப் பூட்டிவிட்டுப் போனதைப் பார்த்தவள் நான். 83 ஜூலைக் கலவரத்தில் நம் கடை எரிந்தபோது கடன் கொப்பியும் சேர்ந்து எரிந்தது. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு எழுத்தில் சாட்சி இல்லை. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமிலிருந்து வெளியே வந்த கையோடு அப்பா தாள் வியாபாரிகளைத் தேடிப் போனார். இவ்வளவு தர வேண்டும், இப்போது கையில் இல்லை, தவணை தாருங்கள் என்று தானாகவே சொன்னார். கேட்காத கடனை வலியப் போய்ச் சொல்கிறானே என்று பெரியப்பா ஏசினார். பெரியப்பாவின் வியாபாரம் பிறகு என்னவானது என்பது உனக்குத் தெரியும். அந்தத் தாள் வியாபாரிகளில் ஒருவர், சிங்கள மனிதர், அன்றைக்கே மூட்டை தூக்கும் நாட்டாமையைக் கூப்பிட்டு வண்டியில் தாளை ஏற்றி அனுப்பிவிட்டார். பணம் கேட்கவில்லை.

நீயும் போன வருடம் நன்றாகத்தான் சமாளித்தாய். டொலர் 200இலிருந்து 360க்குத் தாவிய அந்த வாரங்களில், பழைய விலைக்கு வாங்கிய அட்டையைப் பழைய விலைக்கே விற்றால் அதே அட்டையை மறுபடி வாங்கக் கையிலுள்ள முதல் போதாது என்று முதலில் கண்டுகொண்டவன் நீ. எரிவாயு இல்லாமல் பேக்கரிகள் படுத்தபோது கேக் பெட்டியை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டிக்கு மாறினாய். மற்றவர்கள் அட்டை அடுக்கியிருந்த அறையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மாடியில் இருப்பவர்களிடம்கூட என் மகனின் மூளையைப் பார்த்தீர்களா என்று சொன்னேன்.

ஆனால் காசோலை விஷயத்தில் நீ அப்பாவின் பிள்ளை இல்லை. அடுத்த மாதத் திகதி போட்ட காசோலையை அவர் கையால் தொடமாட்டார். நீ பெட்டி வாங்குகிறவனின் காசோலையை நம்பித் தாள்காரனுக்கு ஒன்று எழுதிக் கொடுக்கிறாய். அவனுடையது திரும்பினால் உன்னுடையதும் திரும்பும். கொப்பியில் இலாபம் இருக்கும், லாச்சியில் காசு இராது. கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி தரும் மேலதிகப் பற்று இருக்கிறது என்பாய். போன ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் 7 வீதம் ஏற்றிய வட்டி இன்னும் இறங்கவில்லை. இந்த மாதம் மேலும் 1 வீதம். அந்த வட்டியைக் கட்டப் பெட்டி விற்பதற்கா இவ்வளவு பாடு?

தர வேண்டியவர்களிடம் நீயாகவே போ. அவர்கள் பட்டறை வாசலுக்கு வருமுன் போ. முழுத்தொகை இல்லையென்றால் உள்ளதைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்குத் திகதி சொல். சொன்ன திகதிக்கு முடியாதென்று தெரிந்தால், அதற்கு முன்பே போய் அதையும் சொல். வேலை செய்யும் பிள்ளைகளின் சம்பளத்தைப் பிந்தவிடாதே. ஊழியர் சேமலாப நிதியையும்தான், பிந்தினால் தண்டம் விழும். தொலைபேசியை நிறுத்தி வைக்காதே. எனக்கே எடுக்காதவன் தாள்காரனுக்கு எடுப்பாய் என்று எப்படி நம்புவது? போய்ச் சொல், தம்பி. முகத்தைக் காட்டுகிறவனுக்குத்தான் தவணை கிடைக்கும்.

செட்டியார் தெருவில் மெருகு போட இரண்டு நாளுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். போன வெள்ளியும் அவள் கழுத்தில் அதே கயிறுதான்.

அது இருக்கட்டும். என் நிலையான வைப்பு 24ஆம் திகதி முதிர்கிறது. மறுபடி போட்டால் 20 வீதத்துக்கு மேல் வட்டி என்று வங்கியில் இருக்கும் பிள்ளை ஆசை காட்டுகிறாள். எனக்கு என்ன செலவு? மருந்தும் கோயிலும்தான். வங்கிப் படிவத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். அன்றைக்கு உன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வா, கணக்குக் கொப்பியையும் கொண்டுவா. மருமகளையும் கூட்டி வா. என் முன்னால் அவள் எதையும் மூடத் தேவையில்லை. வங்கியை மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். காலையிலேயே வந்தால் வேலையை முடித்துவிட்டு இங்கேயே சாப்பிடலாம்.

அன்புடன்,
அம்மா